நான் சுரண்டிய மூன்று எழுத்து

போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். மதகு வரிசைக் கதைகளில் அறமும் ஆன்மிகமும் என்று தலைப்பு. அந்தப் புத்தகங்களை அச்சடித்த ஆட்களில் இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர்கள் என்பதால் என்னையும் காதர் பாயையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பேராசிரியர் ஒருவர் ஐந்தாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார். 'நீ' என்று இருந்தது. பிறகு விரல் அகலத்துக்கு வெற்றிடம். பிறகு 'தானா?' என்று இருந்தது.

"இந்த இடைவெளியைக் கவனியுங்கள். ஜீவனுக்கும் பரம்பொருளுக்கும் நடுவே உள்ள தூரம் இது. சொல்லால் சொல்ல முடியாததை ஆசிரியர் வெற்றிடத்தால் சொல்லியிருக்கிறார்" என்றார். கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த வெற்றிடத்தை உண்டாக்கியது நான். பாதி பிளேடை வைத்துச் சுரண்டி உண்டாக்கினேன். பரம்பொருளுக்கும் அதற்கும் இருந்த சம்பந்தத்தைவிட என் கொழுப்புக்கும் அதற்கும் இருந்த சம்பந்தம் அதிகம்.

அன்றைக்கு எழுந்து அதைச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இப்போது அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு மறுபதிப்பிலும் கம்ப்யூட்டர் அந்த இடைவெளியை மூடிவிடுகிறதாம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் பழைய புத்தகத்தைப் பார்த்து மறுபடி திறக்க வேண்டியிருக்கிறதாம். "இது தப்பா, வேணும்னே வெச்சதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்" என்று போன் மேல் போன். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? எழுதித் தொலைக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது இப்படித்தான் இருக்கும்.

கதையை வாசிக்காதவர்களுக்கு முதலில் கதை. வேணி என்ற பெண்ணும் அவள் தம்பி முத்துவும் ஒரு குளத்தின் மதகுக்குள் நுழைந்து வேறொரு நாட்டுக்குப் போகிறார்கள். மொத்தம் ஆறு புத்தகம். மதகின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை நாரைதான் அவர்களுக்கு வழிவிடும். நாரையார் என்று பெயர். பேசும், ஆனால் குறைவாகப் பேசும். நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா, வேணியும் முத்துவும் நாரையாரிடம் எப்போதும் 'நீங்கள்' என்றுதான் பேசுவார்கள். முதல் நான்கு புத்தகங்களில் ஒரு இடத்தில்கூட அது மாறாது.

அந்த நாட்டில் யார் பொய் சொன்னாலும் நாரையாரின் இறகு ஒன்று உதிரும். அது யாருக்கும் தெரியாது. ஐந்தாம் புத்தகத்தில் முத்து ஒரு பொய் சொல்கிறான். அதைக் காப்பாற்ற ஊரே பொய் சொல்கிறது. குளம் வற்றிவிடுகிறது. நாரையாரையும் காணவில்லை. எல்லா இடத்திலும் தேடிவிட்டு வேணி குளத்துக்குள் இறங்குகிறாள். நடுவில், சேற்றில், ஒரு இறகுகூட இல்லாமல், உரித்த கோழி மாதிரி ஏதோ ஒன்று நடுங்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் கல்லெறிகிறார்கள். வேணி கிட்டே போய்க் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்கிறாள். "நீதானா?"

இந்தப் புத்தகங்களின் ஆசிரியர் மரகதம் டீச்சர் எழுதியது அதுதான். நான் அச்சடித்தது அதுவல்ல.

நான் அந்த அச்சகத்துக்கு எப்படி வந்தேன் என்பதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னிமலைப் பக்கம் பிறந்தேன். பதின்மூன்று வயதில் ஊரைவிட்டுப் போனேன். மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் நகம் கறுக்கக் கறுக்க வேலை செய்தேன். லாரியில் கிளீனராக இருந்தேன். ஒரு ஓட்டலில் மேஜை துடைத்தேன், மில்லில் பதிலி ஆளாகப் போனேன், பாலக்காட்டில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கக் கற்றுக்கொண்டேன். எங்கேயும் இரண்டு வருடம் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்கே உட்கார முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், முப்பத்தெட்டு வயதில், டவுன்ஹால் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த இந்த அச்சகத்துக்குள் நுழைந்தபோது இதுவும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன்.

போகவில்லை. காரணம் காதர் பாய். அவர் தலைமை மெய்ப்புத் திருத்துபவர். அச்சாகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது அவர் வேலை. அவருக்கு உதவி ஆள் நான். என்னைவிட ஏழு வயது இளையவர். ஆகவே நான் அவரை 'பாய்' என்றேன், அவர் என்னை 'அண்ணா' என்றார். இரண்டு பக்கமும் 'ங்க' போட்டுத்தான் பேச்சு. கோயம்புத்தூரில் திட்டுவதுகூட அப்படித்தான். "ஏனுங்ணா, கண்ணைக் கழட்டி ஊட்டுல வெச்சுட்டு வந்தீங்களா?" என்பார். குரல் ஏறாது. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு இரண்டு அறை வாங்கியதுபோல இருக்கும்.

வேலைமுறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த தப்பின் அளவு புரியாது. நான் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பேன். கமா, புள்ளி, கேள்வி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். அவர் அச்செடுத்த தாளில் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். எங்கள் பிழை என்றால் சிவப்புப் பென்சில். முடிந்ததும் அதே பக்கத்தை அவர் மட்டும் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல் வரைக்கும் பின்பக்கமாகப் படிப்பார். அதை முதல் தடவை பார்த்தபோது இவருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"நேரா படிச்சா கதை இழுத்துட்டுப் போயிருமுங்ணா. நாம கதை பின்னால போனமுன்னா எழுத்து தப்பிச்சுரும்" என்றார்.

பிழையா இல்லையா என்று தெரியாத இடம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட வேண்டும். கை வைக்கக் கூடாது. எழுதியவர் பார்த்துப் பதில் எழுதுவார். எல்லாம் முடிந்து எழுதியவர் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன்பிறகு ஒரு புள்ளியைக்கூட நகர்த்தக் கூடாது. "சந்தேகம் நம்முளுது, எழுத்து அவங்குளுது" என்பார். மாதம் ஒரு தடவையாவது சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். எழுத்துப் பெட்டியைத் திறக்கத் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

மரகதம் டீச்சர் பெருந்துறையில் புவியியல் பாடம் நடத்துபவர். மதகுக் கதைகளைப் பள்ளிக்கூடத் தேர்வுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார். முதல் புத்தகத்தைக் கொண்டுவந்த நாளே முதலாளிக்கும் அவருக்கும் தகராறு. முதலாளி விவசாயக் குடும்பம், பஞ்சு வியாபாரம், அச்சகம் ஒரு ஆசைக்கு.

"கதையெல்லாம் சரிங்க டீச்சர். நீதி எங்கீங்க?"

"உள்ள இருக்குதுங்க."

"உள்ள இருந்தா ஆருக்குங்க தெரியும்? வெளிய எடுத்துப் போடுங்க. கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டி நீதின்னு போட்டாத்தான் பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க."

டீச்சர் யோசித்துவிட்டுச் சரி என்றார். மறுவாரம் கடைசிப் பக்கம் கட்டம் கட்டி வந்தது. மேலே 'இந்தக் கதையின் நீதி' என்று தலைப்பு. கீழே எட்டுப் புள்ளிக்கோடுகள். வேறு ஒன்றும் இல்லை. வாசிக்கிற பிள்ளையே எழுதிக்கொள்ளட்டும் என்று அர்த்தம். முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தார். கேட்டது கட்டம், கட்டம் வந்துவிட்டது.

அதனால் அவதிப்பட்டது நான். புத்தகம் வாங்கியவர்கள் அச்சுப்பிழை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். "நீதியை அச்சடிக்காம உட்டுப்போட்டீங்க" என்றார். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்த நான் பேசாமல் வேறு பிரதி எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுலயும் இல்லீங்களே" என்றார். மூன்றாவது கேட்டார். கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். "கதை எங்கீங்க படிச்சேன், நீதி இருந்தாப் படிக்கலாம்னு பாத்தேன்" என்றார். இப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது அறமும் ஆன்மிகமும் என்று கூட்டம் போடுகிறார்கள்.

ஐந்தாம் புத்தகத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எல்லாத் தாளிலும் டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கடைசி ஃபாரம், அதாவது கடைசிப் பதினாறு பக்கம், ஈய எழுத்துகளோடு மிஷினில் ஏறி நின்றது. மதியம் காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். போகும்போது, "ஒரு தாள் அடிச்சுப் பாத்து எழுத்து ஏதாச்சும் உடைஞ்சிருக்குதான்னு மட்டும் பாருங்ணா. வந்து ஓட்டச் சொல்லிக்கலாம்" என்றார். அந்த 'மட்டும்' எனக்கு நன்றாகக் கேட்டது.

தாளை எடுத்துப் பார்த்தேன். உடைந்த எழுத்து ஒன்றுமில்லை. ஆனால் கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடம் வந்தது. 'நீதானா?' ஏற்கெனவே டீச்சருடைய கையெழுத்தில் அதைச் சத்தமாக வாசித்தவன்தான் நான். அப்போது கமாவும் புள்ளியும் சொல்வதில் கவனம். இப்போதுதான் உறைத்தது.

எனக்கு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாரியில் எண்ணெய்த் துணியோடு நின்றபோது ஊரில் ஒருவன் பாக்கியில்லாமல் என்னை வா, போ என்றுதான் சொன்னார்கள். என்னைவிடச் சின்னப் பையன்கள் சொன்னார்கள். ஓட்டலில் மேஜை துடைத்தபோது 'நீ'. மில்லில் காக்கி மாட்டிய வாரத்திலிருந்து 'நீங்க'. அச்சகத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தபோது இன்னும் ஒரு 'ங்க' சேர்ந்தது. ஆள் ஒருவன்தான். அது ஒன்றும் பெரிய துக்கம் இல்லை, உலகம் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டவன் நான். ஆனால் இந்தப் பெண் நான்கு புத்தகமாக நாரையாரை 'நீங்கள்' என்று கூப்பிட்டுவிட்டு, இறகு போய்ச் சேற்றில் விழுந்த அன்றைக்கு 'நீ' என்கிறாளே! இவளுமா? டீச்சர் அவசரத்தில் எழுதிவிட்டார், பாயும் பின்பக்கமாகப் படிப்பதால் இதைக் கவனிக்கவில்லை என்று முடிவு செய்தேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

எழுத்துப் பெட்டியிலிருந்து ங், க, ள் மூன்றையும் எடுத்தேன். அந்த வரியில் அந்த ஒரு சொல்தான், மீதியெல்லாம் வெற்றிடம் நிரப்பும் கட்டைகள். ஒரு கட்டையை உருவிவிட்டு மூன்று எழுத்தைச் சொருகிவிட்டேன். வரி நிறைய இருந்திருந்தால் எழுத்து இடம் கொடுத்திருக்காது, நானும் விட்டிருப்பேன். வேலை அத்தனை சுலபமாக இருந்ததுதான் கெடுத்தது. பாய் வந்ததும், "எழுத்து ஒண்ணும் உடையலீங்க" என்றேன். அது பொய்யும் அல்ல. மிஷின் ஓடியது.

நாரையாருக்கு அன்றைக்கு ஒரு இறகு போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நல்ல காரியம் செய்த நினைப்பில் இரண்டு டீ குடித்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் டீச்சர் தன் பிரதிகளை வாங்கிக்கொள்ளப் பெருந்துறை பஸ்ஸில் வந்தார். ஆயிரத்து இருநூறு புத்தகம் தைத்து, அட்டை ஒட்டி, கட்டுக்கட்டாக நின்றது. திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். டீச்சர் மேல் கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, முதல் பக்கத்தைப் பார்க்காமல், நேரே அந்தப் பக்கத்தைத் திறந்தார். பிறகு அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இதை ஆருங்க மாத்துனது?"

முதலாளி எட்டிப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, இதுங்களா! மரியாதை கூடிப்போச்சு, அவ்வளவுதானுங்களே டீச்சர். கொறஞ்சாத்தான் தப்பு. போகட்டும் உடுங்க."

"நீங்க சென்னிமலைக்குப் போறீங்கள்ல, முருகன்கிட்ட என்னன்னு கேப்பீங்க?"

"என்னன்னுங்க கேக்கறது? முருகா, நீதான் காப்பாத்தோணும்னு."

"முருகனுங்க, நீங்கதான் காப்பாத்தோணுமுங்கன்னு கேக்க மாட்டீங்களா? தாசில்தாருகிட்டக் கேக்கற மாதிரி?"

முதலாளி தலையைச் சொறிந்தார். உதவிக்குக் காதர் பாயைப் பார்த்தார். பாய் உதவவில்லை. "நாங்களும் நீன்னுதானுங்க கேப்போம். நீங்கன்னு கேட்டா எட்ட நிக்கறவங்ககிட்டக் கேக்கற மாதிரி ஆயிருமுங்க" என்றார்.

"நாலு புத்தகமா அவ எட்ட நின்னு பேசிட்டிருந்தா" என்றார் டீச்சர். "இந்த ஒரு எடத்துலதான் அவளுக்கு அது ஆருன்னு தெரியுது. அதைச் சொல்றதுக்குத்தானுங்க அஞ்சு புத்தகமும் எழுதுனேன். எங்கீங்க நீதின்னு கேட்டீங்களே, அது இங்கதான் இருந்துச்சு. இப்ப இல்ல."

முதலாளி, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றார். பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுத் தாள் அடித்து உள்ளே வைக்கலாம் என்றார். "எந்தப் புள்ளைங்க பிழைதிருத்தம் படிச்சுட்டுக் கதை படிக்குது?" என்று டீச்சர் கேட்டார். "ஒரு தடவைதான் அந்தப் பக்கத்தை முதல் தடவையாப் படிப்பாங்க. இந்த ஆயிரத்து இருநூறு புள்ளைங்களுக்கு அது போச்சுன்னா போனதுதான். இப்படியே போகுமுன்னா ஆறாவது புத்தகத்தை நான் எழுதறதில்லீங்க. எழுதி என்ன பண்ண, அவ இன்னும் அவரைக் கண்டுபுடிக்கவே இல்லையே?"

முதலாளிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "பாய், இது நீங்க பாத்து ஓட்டச் சொன்ன ஃபாரமுங்களே" என்றார்.

காதர் பாய் போய் அலமாரியிலிருந்து டீச்சர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துவந்தார். மேஜையில் விரித்தார். ஸ்கேலை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். 'நீதானா?' புத்தகத்தை எடுத்து அதிலும் அந்த வரிக்குக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை, மதியம், மிஷின் பக்கத்தில் யார் இருந்தது என்பதையெல்லாம் அவர் நினைத்துப் பார்ப்பது நன்றாகத் தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயா?"

அவ்வளவுதான். 'ங்க' இல்லை, 'அண்ணா' இல்லை. மூன்று வருடமாக அவரிடமிருந்து நான் கேட்டிராத சொல். லாரியிலும் ஓட்டலிலும் எத்தனையோ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதெல்லாம் என் உடுப்பைப் பார்த்துச் சொன்னது. இது என்னைப் பார்த்துச் சொன்னது. கோபம் இருந்தது. அதற்கும் கீழே, யாரோ அந்நியன் செய்யவில்லை, என் ஆளே செய்திருக்கிறான் என்பதும் இருந்தது. உடம்பு முழுக்க ஏதோ உரிந்த மாதிரி நின்றேன்.

"நாந்தானுங்க" என்றேன்.

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏன் மாத்துனீங்க?"

"எறகு போச்சுன்னா மரியாதையும் போகோணுமுங்களா? நல்லா இருந்தப்ப நீங்கன்னு சொன்ன புள்ள, சேத்துல கெடக்கறப்ப நீன்னு சொன்னா அது பொறுக்குல. அதான் சேத்துப்போட்டேனுங்க."

டீச்சர் என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க தப்பா நெனைக்கலீங்க. தப்பாக் கைவெச்சுட்டீங்க" என்றார். "அப்பவே ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீங்கன்னா அந்தப் பக்கத்தை இன்னும் நல்லா எழுதியிருப்பனோ என்னமோ. நீங்க சொன்ன மாதிரி ஒரு புள்ள நெனைச்சாலும் நெனைக்கும்."

திட்டியிருந்தால் அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். கிளம்புவது எனக்குப் பழக்கம். இப்படிச் சொன்னால் எங்கே போவது?

இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஃபாரத்தின் எழுத்துகளை எப்போதோ பிரித்துப் பெட்டியில் போட்டாயிற்று. தாளும் இல்லை, நேரமும் இல்லை. காதர் பாய் மட்டும் மேஜை இழுப்பறையைத் திறந்து சவர பிளேடு ஒன்றை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த தாளோடு சேர்த்து நீளவாக்கில் மடக்கி இரண்டாக ஒடித்தார். ஒரு புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு அடியில் தகரத் துண்டு ஒன்றைச் செருகினார். பிளேடைச் சாய்த்துப் பிடித்து 'ங்கள்' மேல் மெல்ல, ஒரே திசையில், நான்கு தடவை இழுத்தார். ஊதினார். கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார். புத்தகத்தை டீச்சரிடம் நீட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

'நீ' இருந்தது. 'தானா?' இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"பல்லு போன மாதிரி இருக்குதுங்களே" என்றார் முதலாளி.

டீச்சர் வாய்விட்டு வாசித்தார். அந்தக் காலி இடத்தில் அவரை அறியாமல் குரல் நின்றது. நின்றுவிட்டுத் தொடர்ந்தது. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, "இன்னொரு பிளேடு குடுங்க" என்றார்.

சனிக்கிழமை முழுப் பகலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வரையும் நான்கு பேர் சுரண்டினோம். நான், பாய், டீச்சர், முதலாளி. முதலாளி புலம்பிக்கொண்டே செய்தார். "பஞ்சுல கொட்டை பொறுக்கிப் பழகுன கைங்க, எழுத்துப் பொறுக்கறதுக்கு உட்டுட்டீங்களே" என்றார். ஆனால் அவர் கைதான் எங்கள் எல்லாரையும்விடச் சுத்தம். என் அவசரத்தில் பக்கம் ஓட்டை விழுந்தவை பதினொன்று. அவற்றைத் தனியாக ஒதுக்கினோம். டீச்சர் புவியியல் பேப்பர் திருத்துவது மாதிரி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டுக்குள் வைத்தார். நான் ஒரு தடவை கை சலித்து நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார். "கடைசிப் பக்கத்துல எட்டுக் கோடு காலியா இருக்குதுங்க. அச்சான எழுத்துல கைவெக்காதேன்னு எழுதிக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. இரண்டு நாளும் அவர் என்னிடம் 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. "தகரம்", "அடுத்த கட்டு", "மெதுவா" என்று பொருளின் பெயரை மட்டும் சொன்னார். தமிழில் அப்படி இரண்டு நாள் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்துபார்த்தால்தான் தெரியும்.

திங்கட்கிழமை கட்டுகள் போய்ச் சேர்ந்தன. முதலாளி என்னை அனுப்பவில்லை. "உங்களை அனுப்பிச்சா இன்னொருத்தர் வருவாரு, அவரு எந்த எழுத்துல கைவெப்பாரோ. உங்களுக்காவது இனி பயமிருக்கும்" என்றார். வெளியே வந்தபோது காதர் பாய் வாசலில் நின்றார். "டீ சாப்படறீங்களாண்ணா?" என்று கேட்டார். மன்னித்துவிட்டார், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்னவோ யாரோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. வேணி ஏன் அந்தச் சொல்லைக் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது அந்த டீக்கடையில்தான். ஆயிரத்து இருநூறு தடவை சுரண்டியபோது புரியவில்லை.

அதன்பிறகு நான் எங்கும் போகவில்லை. ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். ஓரத்தில் கேள்விக்குறி போட்டே பென்சில்களைத் தீர்த்தேன்.

ஆறாம் புத்தகம் வந்தது. ஈய எழுத்துகள் போய்க் கம்ப்யூட்டர் வந்தபின், தொண்ணூறுகள் முடியும் சமயத்தில், ஐந்தாம் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு. கம்ப்யூட்டரில் அடித்த பெண் சுரண்டிய பிரதியைப் பார்த்து, அந்த இடைவெளியையும் அப்படியே விட்டு அடித்துவிட்டாள். காதர் பாய் சிவப்புப் பென்சிலை எடுத்தார். வைத்துவிட்டார். சாதாரணப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, 'மூடலாமா?' என்று எழுதிப் பெருந்துறைக்கு அனுப்பினார். தாள் திரும்பி வந்தது. கேள்விக்குறிக்குப் பக்கத்தில் டீச்சர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

'இருக்கட்டும்.'

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் சொல்லவுமில்லை. டீச்சர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது, இனிக் கேட்கவும் முடியாது. ஆகவே கம்ப்யூட்டர் பிள்ளைகளே, தப்பா, வேண்டுமென்றே வைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வைத்தது தப்பு. அவர் விட்டுவைத்தது என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல மேடையில் பேசுகிறவர்களுக்கும் தெரியாது.

அன்றைக்குக் கூட்டத்தில் அதைத்தான் சொல்ல எழுந்தேன். பேராசிரியர் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஜீவனாம், பரம்பொருளாம். பிளேடைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நாற்காலியின் கையைப் பிடித்து நின்றுவிட்டேன். ஒலிபெருக்கியோடு ஒரு பெண் என்னை நோக்கி வந்தாள்.

பக்கத்திலிருந்து என் சட்டையை யாரோ இழுத்தார்கள். காதர் பாய். அவருக்கும் இப்போது தாடி வெளுத்துவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றிடம் இன்னும் அங்கே இருந்தது. என் பக்கம் திரும்பாமல், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"உக்காரு. இருக்கட்டும்."

உட்கார்ந்தேன்.